ஹெலிக்குக் கீழே நின்ற ரஞ்சினி

செய்தி வந்தபோது நான் சுவிஸில், லுசேர்ண் நகரத்து ஹோட்டல் குசினியில் நின்று சூப்புக்கு எலும்பு அவித்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் தொலைபேசி எடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காற்சட்டைப் பைக்குள் அது இரண்டு தரம் அதிர்ந்து நின்றது. மூன்றாம் தரம் எடுத்துப் பார்த்தேன். மாதுமை. ரஞ்சினியின் மகள் வேலை நேரத்தில் எனக்கு அழைப்பவள் அல்ல. பதில் சொல்லப் பயமாக இருந்தது. எடுக்காவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“மாமா, அம்மா எங்களை விட்டுப் போட்டா,” என்றாள். மிச்சத்தை ஜெர்மனில் சொன்னாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அழுகை வந்தால் தமிழ் ஒரு வசனத்துக்கு மேல் வருவதில்லை. நான் “ஓம் பிள்ளை, வாறன்” என்று மட்டும் சொன்னேன். அடுப்பை நிறுத்தினேனா இல்லையா என்பது இப்போதும் நினைவில்லை.

ரஞ்சினியை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அஞ்சலி என்றால் ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இருபது வருடம் என்னோடு ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்து, கூடப் பிறந்த தங்கச்சியைவிட அதிகமாக என்னை ஏசியவளை ‘அவர்’ என்று எழுதினால் எனக்கே வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது. ஆகவே ‘அவள்’ என்றே எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவள் ஒரு பயந்தாங்கொள்ளி. நானோ துணிந்த மனிதன். இரண்டுமே பிழை. அந்தப் பிழையைத் திருத்தாமல் இத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான்.

நாங்கள் இருவரும் முதலில் வேலை செய்தது மலைமேல் இருந்த ஒரு சிறிய ஹோட்டலில். நான் சமையல். அவள் அறைகளும் உடுப்புத் தோய்க்கும் பகுதியும். கீழே கிராமத்திலிருந்து கேபிள் காரில் மட்டுமே அங்கே போகலாம். ரஞ்சினி ஏறியவுடன் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். “அண்ணை, பயமாக் கிடக்கு” என்பாள். மற்றவர்கள் காலை வணக்கம் சொல்வதுபோல் அவள் அதைச் சொல்வாள். கேபிள் காருக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், விசா அலுவலகத்திலிருந்து வரும் கடித உறைக்குப் பயம். எல்லாவற்றிலும் பெரிய பயம் ஹெலிகொப்டர். மலையில் காயப்பட்டவர்களை ஏற்ற அது வராத வாரம் இல்லை. சத்தம் கேட்டால் கையில் இருக்கும் விரிப்போடு சுவரோரமாக ஒதுங்கிவிடுவாள். யுத்தத்தில் ஹெலிகள் மேலேயிருந்து சுட்ட யாழ்ப்பாணத்தில், அந்தச் சத்தத்தின் கீழ் வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

நான் அவளைப் பகிடி பண்ணுவேன். “பிறக்கேக்கையே நீர் பயந்து கத்தினனீரோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எல்லாரும் கத்தித்தான் அண்ணை பிறக்கிறவை. நீங்கள்தான் வாயைப் பொத்திக்கொண்டு பிறந்திருப்பியள்,” என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. எனக்கும் ஹெலிச் சத்தத்துக்குப் பயம். அந்த நேரம் குசினியில் ஏதாவது ஒரு சட்டியைப் போட்டு உருட்டுவேன், சத்தம் கேட்காமல் இருக்க. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு மாரிக் குளிர்காலத்தில் பனிப்புயல் வருகிறது என்று எச்சரிக்கை வந்ததும் விருந்தினர் எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டோம். பூட்டுகிற வேலைக்கு மூன்று பேர் மிஞ்சினோம். ஹோட்டலின் முதலாளியம்மா, அவரை நாங்கள் ஷெஃபின் என்போம், ரஞ்சினி, நான். பின்னேரம் கடைசி வண்டியில் இறங்குவதாக ஏற்பாடு. மதியமே காற்று எழும்பி கேபிள் கார் நின்றுவிட்டது. பிறகு மின்சாரம் போனது. அதன்பின் தொலைபேசிக் கோபுரமும் விழுந்திருக்க வேண்டும், எதுவும் வேலை செய்யவில்லை. ஷெஃபின் ஜெனரேட்டரைப் பார்க்க நிலவறைக்கு இறங்கிய இடத்தில் சறுக்கி விழுந்து கால் வீங்கிப்போய் இருந்தார்.

பனிப்புயலைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது வெள்ளை. உள்ளே இருப்பவனுக்கு அது சத்தம். கூரை முனகுகிறது. யன்னல் கண்ணாடி உள்ளே வளைவதுபோல் தெரிகிறது. இடைக்கிடை மலையின் மறுபக்கத்தில் பனி சரிந்து விழும் இடி. முதல் இடிக்கு நானும் ரஞ்சினியும் ஒன்றாகத் தலையைக் குனிந்தோம். ஷெஃபின் குனியவில்லை, எங்களைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தார். “அண்ணை, ஷெல் மாதிரி,” என்றாள் ரஞ்சினி. “பேய்க்கதை கதையாதையும்,” என்றேன். எனக்கும் அதே நினைவுதான்.

இப்போது என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குச் சலரோகம், தினமும் இன்சுலின் போட வேண்டும். மருந்துப் பேனாக்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. மின்சாரம் போனதும் எனக்கு வந்த முதல் யோசனை, மருந்து பழுதாகிவிடும் என்பது. யுத்த காலத்தில் மின்சாரமில்லாத வீட்டில், அம்மாவின் இன்சுலினை ஈரமணலுக்குள் புதைத்த பானையில் வைத்து மாதக்கணக்காகக் காப்பாற்றியவன் நான். குளிராக வைத்தால் மருந்து பிழைக்கும். எனக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான். பேனாக்கள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, யன்னலைத் திறந்து, வெளியே பனிக்குள் புதைத்தேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

மறுநாள் காலையில் எடுத்தபோது எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. ஷெஃபினிடம் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார், உறைந்த இன்சுலின் தண்ணீருக்குச் சமம் என்று. நான் கேட்கவில்லை. கைக்குள் வைத்து இளக்கி ஏற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

அன்று மதியம் காற்று கொஞ்சம் அடங்கியது. நானும் ரஞ்சினியும் பின்வாசலைத் திறக்கப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஹெலி வந்தது. பள்ளத்தாக்குப் பக்கமாகச் சத்தம் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அங்கேயே நின்றாள். நான் நிற்கவில்லை. “ஹெலி! உள்ளுக்கு ஓடு!” என்று கத்தி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொங்கிரீட் படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குள் விழுந்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். கூரைக்கு மேலே அது ஒருமுறை சுற்றியது. இன்னொருமுறை சுற்றியது. சத்தம் குறைந்து குறைந்து இல்லாமல் போன பிறகுதான் எனக்கு அறிவு வந்தது. அது எங்களைத் தேடி வந்தது. வெளியே ஒருவரையும் காணாமல் திரும்பிவிட்டது.

என் காற்சட்டை நனைந்திருந்தது. ஐம்பது வயது தாண்டிய ஆள். இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தது போதும்.

ரஞ்சினி எழுந்து உடுப்பு அறைக்குப் போனாள். பரிசாரகர்கள் போடும் கறுப்புக் காற்சட்டை ஒன்றை, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு, மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கால் வீங்கியிருந்த ஷெஃபின் மேலேயிருந்து கூப்பிட்டு, ஹெலி சத்தம் கேட்டதே, கை காட்டினீர்களா என்று கேட்டார். நாங்கள் வெளியே போகும் முன்பே அது போய்விட்டது என்று ஜெர்மனில் பதில் சொன்னாள் ரஞ்சினி. எனக்காக அவள் சொன்ன பொய்களில் அது முதலாவது.

பின்னேரம் மறுபடியும் புயல் இறங்கியது. எனக்குத் தாகம். எவ்வளவு தண்ணீர் குடித்தும் போகாத தாகம். பிறகு சத்தி, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அப்போதும் “வயிறு சரியில்லை” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரஞ்சினி என் மேசை லாச்சியைத் திறந்து பேனாக்களைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அவற்றைக் கொண்டுபோய் ஷெஃபினிடம் காட்டிக் கேட்டுவிட்டு வந்தாள்.

“ஏன் அண்ணை முந்தியே சொல்லேல்லை?”

“சொன்னா என்ன செய்யப் போறீர்? கடைக்குப் போய் வாங்கி வரவோ?”

“ஒண்டும் செய்யேலாது. ஆனா தனியப் பயந்துகொண்டு இருந்திருக்கத் தேவையில்லை,” என்றாள்.

நான் சாகலாம் என்பது அன்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது. ஷெஃபின் அவளுக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். ஹெலி மறுபடி வந்தால் வெட்டவெளியில் நின்று இரண்டு கைகளையும் மேலே விரித்து உயர்த்த வேண்டும். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். துணி எதையும் ஆட்டக் கூடாது, காற்று அதை இழுத்துவிடும். ஓடக் கூடாது. குனியக் கூடாது. ஹெலி நேரே தன்னை நோக்கி இறங்கினாலும் அசையக் கூடாது. ரஞ்சினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கிக்கொண்டு ஹெலிக்குக் கீழே வெளியில் நிற்பது. எங்கள் ஊரில் பிறந்த ஒருத்தியிடம் இதைவிடக் கொடுமையாக எதையும் கேட்க முடியாது. ஷெஃபினுக்கு அது தெரிய நியாயமில்லை. அவள் ஷெஃபினிடம் சரி என்று சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில் “அண்ணை, சரியான பயமாக் கிடக்கு” என்றாள்.

மூன்றாம் நாள் காலை மேகம் விலகியது. அவள் விடிந்ததிலிருந்தே வெளியே நின்றாள். பின்பக்கச் சரிவில் பனி எந்த நேரமும் இறங்கக்கூடிய அளவுக்குக் குவிந்திருந்தது. யன்னலோரம் போட்டிருந்த நீள வாங்கில் கிடந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு வேகமாக வாங்கியது. சத்தம் கேட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓடி வரப் போகிறாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. கால்களை அகட்டி ஊன்றி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். ஹெலி அவளுக்கு நேரே வந்து இறங்கத் தொடங்கியது. கிளம்பிய பனித்தூளில் அவள் மறைந்தாள். தூள் அடங்கியபோதும் அதே இடத்தில், கைகள் அதே உயரத்தில். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கடவுளின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன். “எந்தக் கடவுளைக் கூப்பிட்டனீர்?”

“ஒரு கடவுளையும் இல்லை. பயமாக் கிடக்கு, பயமாக் கிடக்கு எண்டு கத்தினனான். கத்தாட்டி ஓடியிருப்பன்,” என்றாள்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அவள் மறுபடி அந்தப் பள்ளத்தாக்குக்கே போனாள். கீழ்க் கிராமத்தில் பனிச்சரிவு சில வீடுகளையும் மாட்டுக் கொட்டகைகளையும் இடித்திருந்தது. சனத்தைப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். லுசேர்ண் உணவகக் குசினிகளில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் பெரிய சட்டிகளோடு போய் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி என்னை வெளியே விட்டதும் நானும் போனேன். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஒரு கதிரையில் இருந்து உருளைக்கிழங்கு உரித்தேன். முதல்நாள் பருப்பில் எங்கள் பொடியள் போட்ட செத்தல் மிளகாயைத் தின்று ஒரு விவசாயி இருமியதை அந்தக் கிராமம் இன்னும் மறந்திருக்காது.

அந்த மண்டபத்தில் சப்பாத்துப் போடக் கூடாது, வாசலுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும் என்று பொறுப்பாக இருந்த உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். எல்லோரும் கேட்டார்கள். ஒரு மனிதர் மட்டும் கேட்கவில்லை. அவருடைய மாடுகள் பனிக்குள் போய்விட்டன. கட்டிலில் சப்பாத்தோடு குந்தியிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே பாதுகாப்பு, இனிப் பயமில்லை என்று ஒவ்வொருவராக வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ரஞ்சினி போய்ப் பக்கத்தில் இருந்தாள். “எனக்கும் ஆங்ஸ்ட்,” என்றாள். பயம் என்பதற்கு ஜெர்மன் சொல் அது. அவர் முதன்முறையாகக் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

பிறகு அவள் அவருடைய சப்பாத்தைக் கழற்றி, ஈரம் துடைத்து, கட்டிலுக்குக் கீழே நுனி வாசலைப் பார்க்க வைத்தாள். வெளியே கிடந்த மற்றச் சப்பாத்துகளையும் கொண்டுவந்து துடைத்து ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் அப்படியே வைத்தாள். உத்தியோகத்தர் சத்தம் போட்டார். ரஞ்சினி பயந்து பயந்துதான் பதில் சொன்னாள், ஆனால் சொன்னாள். தான் இடம்பெயர்ந்து பாடசாலைகளில் படுத்தவள் என்றும், செருப்பு எங்கே என்று தெரியாதவனுக்குக் கண் மூடாது என்றும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பலர் கட்டிலில் சாய்ந்திருந்தபோது, தலைக்கு மேலே இடிபோல ஒரு சத்தம். மண்டபம் அதிர்ந்தது. விளக்கு அணைந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. அடுத்த சரிவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் யாரும் ஒருவரை ஒருவர் மிதிக்கவில்லை. கால் கீழே வைத்த இடத்தில் சப்பாத்து இருந்தது, நுழைத்த பக்கம் வாசல் இருந்தது. முழு மண்டபமும் வரிசையாக வெளியே போய் நின்றது. கூரையில் குவிந்த பனி வழுக்கி விழுந்ததுதான் அந்தச் சத்தம். உள்ளே திரும்பும்போது உத்தியோகத்தர் தன்னுடைய சப்பாத்தையும் துடைத்துக்கொண்டு வந்தார்.

இதற்கெல்லாம் பிறகுதான் பொன்னாடை. மலையில் மூன்று பேர் அகப்பட்ட கதை நம்மவர்களிடையே பரவும்போது, அதில் ஓர் ஆண் இருந்தான் என்பதால், அவன் இரண்டு பெண்களைக் காப்பாற்றியதாகவே பரவியது. வில் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்த விழாவில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். ‘பனியை வென்ற வீரத்தமிழன்’ என்று ஒருவர் ஒலிவாங்கியில் முழங்கினார். அவர் வாய் மூடும் முன்பே நான் மறுத்திருக்க வேண்டும். மேலே இருந்து பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ரஞ்சினி இருந்தாள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சாமான் அறையைச் சொல்ல வேண்டும், காற்சட்டையைச் சொல்ல வேண்டும். குனிந்து தோளைக் கொடுத்தேன்.

திரும்பி வரும் ரயிலில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. “நல்ல பட்டு அண்ணை. வெந்நீரிலை தோய்ச்சுப் போடாதேங்கோ,” என்றாள். நடந்ததை அவள் யாருக்கும் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

போன மாசிதான் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர். எல்லோரும் ஒரே பாட்டு, பயப்படாதேங்கோ, ஒண்டும் நடக்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவர்கள் போனதும் திறந்தாள்.

“அண்ணை, பயமாக் கிடக்கு.”

இருபது வருடமாக இந்த வசனத்துக்கு நான் பகிடிதான் பதிலாகச் சொல்லி வந்தேன். அன்றைக்கு வாயில் பகிடி வரவில்லை. “எனக்கும் பயமாக் கிடக்கு, பிள்ளை,” என்றேன். அவள் என்னை வடிவாக, உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமோ?” என்றாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள், கேபிள் காரில் பிடிப்பதுபோல.

அந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“இப்ப வேண்டாம். சொன்னீங்களெண்டால் சனம் என்னையும் மேடையிலை ஏத்திப்போடும். நான் போனாப் பிறகு சொல்லுங்கோ,” என்றாள். கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு, “காற்சட்டைக் கதை வேண்டாம் அண்ணை. அது உங்கடை,” என்றாள்.

மன்னிக்க வேண்டும் ரஞ்சினி, அதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் உன்னைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இறுதிக் கிரியையன்று மாதுமையிடம் கேட்டுவிட்டு, பெட்டியை மூடும் முன் அந்தப் பொன்னாடையை அவள்மேல் போர்த்தினேன். உரியவளிடம் போய்ச் சேரப் பிந்திவிட்டது. அங்கிருந்த பலர் நான் அவளுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். அது நான் திருப்பிக் கொடுத்தது. மலை ஹோட்டலின் கறுப்புக் காற்சட்டை என்னிடம் இருக்கிறது. என் அலுமாரியில், அவள் மடித்துக் கொடுத்த மடிப்பிலேயே அதை மறுபடி மடித்து வைத்திருக்கிறேன். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.